இரண்டாவது மெஷினின் ஒயர்

இன்று காலை கரன்ட் போய்த் திரும்ப வந்தபோது அந்த வாசனை அடித்தது. நின்றுபோன மெஷினில் விசிறி மறுபடி சுழல ஆரம்பித்ததும், உள்ளே படிந்த தூசி சூடாகி ஒரு வாசனை கிளம்புமே, அதேதான். உனக்கு அது ஆகாது. "கருவாடு தீஞ்சா மாறி கீதுடி" என்று மூக்கைப் பொத்திக்கொள்வாய். ராயபுரத்துக்காரியான என்னிடம் கருவாட்டைக் குறை சொன்னால் சண்டை வரும் என்று தெரிந்தே சொல்வாய். சண்டையும் வரும்.

இப்போது இருப்பவை புது மெஷின்கள். யாரும் கிட்டே போகவில்லை. கையிலிருந்த டீயை நான் குடித்து முடிப்பதற்குள் அவை தானாக எழுந்து, தங்களுக்குள் பேசி முடிவு செய்து, டிஸ்க்குகளைத் திறந்து, கேட்டையும் தூக்கிவிட்டன. லாரிகள் ஒன்றுமே நடக்காத மாதிரி உள்ளே வந்துகொண்டிருந்தன. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. மெஷின் மேல் இருக்கலாம். உன் மேலும் இருக்கலாம். போன மாதம்தான் நீ போய்ச் சேர்ந்தாய், அதற்குள் உன்னிடம் சண்டை போட ஆரம்பித்துவிட்டேன்.

நாம் இரண்டு பேரும் இந்தத் திருவொற்றியூர் யார்டில் சேர்ந்த புதிதில் உனக்கு ஒரு பேச்சு இருந்தது. கப்பலில் வந்து இறங்கும் கன்டெய்னர் பெட்டிகளை அடுக்கிவைக்கும் இடம் இது. எந்தப் பெட்டி எந்த வரிசையில் இருக்கிறது, எது உள்ளே வந்தது, எது வெளியே போனது என்று கணக்கு வைப்பது கம்ப்யூட்டர். அதைப் பார்த்துக்கொள்வது நாம். நமக்குக் கொடுத்த அறையும் ஒரு பழைய கன்டெய்னர்தான். பக்கவாட்டில் ஒரு ஜன்னலை வெட்டி, ஒரு ஏசியை மாட்டி, கேட்டுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்திருந்தார்கள். "பொட்டிய எண்றதுக்கு நம்மளயும் பொட்டில போட்டு வெச்சிகீறாங்க. கப்பல்ல ஏத்தாம வுட்டா சரி" என்றாய். ஏற்றியிருந்தாலாவது எங்கேயாவது போய்ச் சேர்ந்திருப்போம்.

நம் வேலையை வீட்டில் சொல்லி ஒருவருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. என் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அவருக்குத் தூக்கினால் பெட்டி, இறக்கினால் பெட்டி. "இன்னாம்மா அந்த மெஷினுக்கு, நெனச்ச நேரத்துக்குப் படுத்துக்குது?" என்பார். உனக்குத்தான் அதைச் சொல்லும் விதம் தெரிந்திருந்தது. ஒரு அலமாரி நிறைய டிஸ்க்குகள். அவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஒரே பெரிய இடமாக்கி, பிறகு அதை நம் வசதிக்கு அறை அறையாகத் தடுத்துக்கொள்கிறோம். ஒவ்வொரு அறையும் ஒரு வால்யூம். மெஷின் கண் விழித்தவுடன் அந்த அறைகள் திறந்திருக்காது. 'இனி இது என் பொறுப்பு' என்று மெஷின் ஏற்றுக்கொண்டு திறக்க வேண்டும். அதைத்தான் ஆக்டிவேட் செய்வது என்கிறோம். இதுவரைக்கும் என் அப்பாவுக்கே புரிந்தது.

தொல்லை எங்கே என்றால், அலமாரி ஒன்று, மெஷின் இரண்டு. ஒன்று நம் கேட் கேபினில். இன்னொன்று யார்டின் மறுகோடியில், குடோன் ஆபீஸில். ஒன்று செத்தால் இன்னொன்று கை கொடுக்கும் என்ற ஏற்பாடு. நடுவில் ஒரு ஒயர் ஓடும். அதன் வழியாக இரண்டும் ஒன்றையொன்று 'இருக்கிறாயா, இருக்கிறாயா' என்று கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் வராவிட்டால் மற்றது செத்துவிட்டது என்று முடிவு கட்டி, அறைகளைத் தானே திறந்துகொள்ளும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஒயர் மேல் ஃபோர்க்லிஃப்ட் ஏறும், எலி கடிக்கும், மழைத் தண்ணீர் நிற்கும். ஒயர் போனால் இரண்டு மெஷினும் நன்றாக உயிரோடு இருந்துகொண்டே, மற்றது செத்தது என்று நினைத்து, ஒரே அறையைத் திறந்து இரண்டும் எழுத ஆரம்பிக்கும். "ஒரே சாம்பாரு. ரெண்டு பேரும் சொல்லிக்காம உப்பு போட்டா இன்னா ஆவும்? அம்மாந்தான்" என்று நீ என் அப்பாவிடம் சொன்னதும் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டையே ஒரு மாதிரி பார்த்தார்.

அப்படி ஒரு தடவை ஆகியே விட்டது. கரன்ட் போய் வந்தது, இரண்டும் எழுந்தன, இரண்டும் திறந்தன. சத்தமில்லை, புகையில்லை, திரையில் சிவப்பாக ஒரு எழுத்து வரவில்லை. எல்லாம் ஒழுங்காக நடக்கிற மாதிரியே அரை நாள் நடந்தது. பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. வெளியே போன பெட்டி உள்ளே இருப்பதாகக் கணக்கு காட்டியது. ஒரே பெட்டி இரண்டு வரிசையில் இருந்தது. கேட்டை மூடினார்கள். எண்ணூர் ரோட்டில் லாரிகள் நின்றன, நின்றன, எர்ணாவூர் வரைக்கும் நின்றன. நீயும் நானும் கட்டுக்கட்டாக கேட் சீட்டுகளை எடுத்துவைத்து, கணக்கை ஆரம்பத்திலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றினோம். டிரைவர்கள் ஜன்னலுக்கு வெளியே வந்து கத்தினார்கள். "இன்னாம்மா, இன்னும் எம்மா நேரம்? குளிச்சி எத்தினி நாளாச்சி தெரியுமா?" என்றார் ஒருவர். "அது எங்களுக்கே தெரியுது, கொஞ்சம் தள்ளி நில்லு நைனா" என்று நீ ஜன்னலை மூடினாய். சிரித்தோம் கூட.

ஆனால் கத்தாத ஒருவர் வந்தார். நடுத்தர வயது, கையில் துண்டு. அவர் மனைவிக்குத் தண்டையார்பேட்டை ஆஸ்பத்திரியில் பிரசவ வலி. வண்டிக்கு முன்னாலும் லாரி, பின்னாலும் லாரி. சரக்கோடு வண்டியை விட்டுவிட்டுப் போனால் முதலாளி வேலையை விட்டு எடுத்துவிடுவார். "எப்பம்மா தொறக்கும்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அவர் திரும்பப் போய் வண்டியின் படியில் உட்கார்ந்துகொண்டார். மறுநாள் அவர் கேட்டைத் தாண்டும்போது நீயே வெளியே ஓடிப்போய் என்ன ஆயிற்று என்று கேட்டாய். பெண் குழந்தை, நல்லபடியாகப் பிறந்துவிட்டதாம், வீட்டு ஆள் வந்து சொன்னான் என்றார். உள்ளே வந்து மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாய். நல்ல செய்திக்கு எதற்கு அழுகிறாய் என்று நான் கேட்டேன். "நல்லபடியா இல்லாம போயிருந்தா?" என்றாய்.

அன்றைக்குத்தான் நீ அந்த வரியை எடுத்தாய். மெஷின் எழுந்தவுடன் வால்யூம்களைத் தானாகத் திறக்கச் சொல்லி ஸ்டார்ட்டப்பில் இருந்த ஒரே ஒரு வரி. இரண்டு மெஷினிலும் எடுத்துவிட்டாய். அதன் பிறகு நம் வழக்கம் வேறு. கரன்ட் வந்ததும் ஒருத்தி குடோன் ஆபீஸுக்கு ஓடுவாள். அங்கே இரண்டாவது மெஷினின் கரன்ட் ஒயரை மெஷினிலிருந்தும் சுவரிலிருந்தும் பிடுங்குவாள். இன்டர்காமில் கேபினைக் கூப்பிடுவாள். கேபினில் இருப்பவள் கேட்கவேண்டியது ஒரே கேள்வி. "கைல கீதா?" அதற்கு ஒரே பதில். "கைல கீது." ஆஃப் பண்ணிட்டேன், விளக்கு எரியவில்லை, சத்தம் இல்லை என்ற பேச்செல்லாம் செல்லாது. ஒயர் கையில் இருக்கவேண்டும். அதற்குப் பிறகுதான் கேபினில் இருப்பவள் வால்யூமைத் திறப்பாள். அது திறந்து, ஓடி, கேட் தூக்கியபின் குடோனில் ஒயரைத் திரும்பச் சொருகுவோம். ஒரு தடவை நான் சோம்பல் பட்டு, சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு "கைல கீது" என்றேன். "காட்டு" என்றாய். இன்டர்காமில் எப்படிக் காட்டுவது? போனை வைத்துவிட்டு மழையில் நடந்தே வந்து பார்த்துவிட்டாய். அன்று நீ பேசிய பேச்சை எந்தச் சாமி மன்னிக்குமோ தெரியவில்லை.

டேட்டா பத்திரமாக இருந்தது. நாம்தான் மாட்டிக்கொண்டோம். இந்தப் பக்கம் கரன்ட் போவது பெரிய விசேஷமா? வெயில் அதிகமானால் போகும், தூறல் போட்டால் போகும், ஒன்றும் இல்லாவிட்டாலும் போகும். போனால் கேட் நிற்கும், ரோடு நிற்கும், நாம் இரண்டு பேரும் வேண்டும். யார்டு ஜீப் நம் பின்னாலேயே அலைந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் நான் நற்கருணைக்கு வரிசையில் நிற்கும்போது கோயில் வாசலில் ஜீப் டிரைவர் தலை தெரியும். ஃபாதரே என்னைப் பார்த்து 'போ' என்று கண்ணால் சொல்லப் பழகிவிட்டார். புத்த பூர்ணிமா அன்று உங்கள் வீட்டுக்கே ஜீப் வந்து நின்றது. வெள்ளைப் புடவையோடு வந்து, குடோன் ஆபீஸின் அழுக்கில் மண்டியிட்டு ஒயரைப் பிடுங்கினாய். "புத்தரே ஆசையை வுடச் சொன்னாரு. நான் லீவு ஆசையை வுட்டுட்டேன்" என்றாய். நான் வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டதைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று நீ எனக்கு உத்தரவாதம் கொடுத்தாய், என்னவோ நேரில் கேட்டுவிட்டு வந்த மாதிரி.

ஒன்றை மட்டும் உன்னிடம் அப்போது சொல்லவில்லை. எனக்கு அந்தக் கட்டு அவ்வளவு கசக்கவில்லை. தினமும் நீ இருந்தாய். உனக்குத்தான் கசந்தது, அதுவும் நாளுக்கு நாள்.

வேலைக்குச் சேரும்போதே நம் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை வாங்கி மேனேஜர் ரூம் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்தால் தருவோம் என்றார்கள். முடிந்தது, தரவில்லை. "நீ போனா யாரும்மா அந்த மெஷினை எழுப்புறது?" என்பார் மேனேஜர். அவர் கெட்டவர் இல்லை. ஹெட் ஆபீஸ் போன் வந்தால் எழுந்து நின்று பேசுகிற மனிதர். உங்கள் வீட்டில் முதன்முதலில் காலேஜ் முடித்தவள் நீ. உன் அப்பா அந்த டிகிரிக்குக் கண்ணாடி போட்டு மாட்டச் சுவரில் ஆணியே அடித்து வைத்திருந்தார். அந்த ஆணியில் தினசரிக் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. நான் உங்கள் குடியிருப்புக்கு வரும்போதெல்லாம் அதைப் பார்க்காமல் இருக்க முயற்சி செய்வேன்.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் உனக்கு வேலை கிடைத்தது. கம்ப்யூட்டர் பிரிவுதான். ஒரிஜினலோடு வந்து சேரச் சொல்லி, தேதியும் கொடுத்திருந்தார்கள். இங்கே இல்லாதது அங்கே என்ன இருக்கிறது என்று நான் எரிச்சலோடு கேட்டேன். வேலை தேடிப் போன இடங்களிலெல்லாம் விலாசத்தைப் படித்ததும் எதிரில் இருப்பவர் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும், நானும் உன்னோடு வந்திருக்கிறேன். என் ராயபுரம் என்றால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். உன் வியாசர்பாடி என்றால் பேப்பரை மூடிவிடுவார்கள். "அங்க போயி வியாசர்பாடின்னு சொன்னா, அது எங்க கீதுன்னு கேப்பாங்கடி. யாருக்குமே தெரியாது. அது போதும் எனக்கு" என்றாய். அதற்கு மேல் நான் ஓசூரைப் பற்றி ஒரு வார்த்தை குறை பேசவில்லை.

மேனேஜர் ஒரு வழி சொன்னார். "ஒரு வரிதானேம்மா எடுத்தே. அதைத் திரும்பப் போட்டுடு. மெஷின் தானா எழுந்துக்கட்டும். நான் ஹெட் ஆபீஸ்ல இனிமே ஆளே வேணாம்னு சொல்லிடறேன். இன்னிக்கே பீரோவைத் திறக்கிறேன்." அவர் சொன்னதில் ஏமாற்று இல்லை. உன் விடுதலை அந்த ஒரு வரியில் இருந்தது. தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு மத்தியானம் நான் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு உள்ளே வந்தபோது நீ திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய். அந்த வரியை அடித்து முடித்திருந்தாய். சேமிக்க ஒரு பொத்தான்தான் பாக்கி. நான் பின்னால் நிற்பது உனக்குத் தெரிந்தது. "போட்டுட்டுப் போடி" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். "பெருசா என்னா ஆயிடும்? நடுவுல ஓடுற ஒயர் என்னிக்கோ ஒரு நாள்தான் அறுந்துபோகும்."

"அந்த என்னிக்கோ ஒரு நாளு நீதான இங்க கீறே?" என்றாய். "நான் அங்க ஜாலியா கீறேன், நீ இங்க ரோடு முழுக்க லாரிய நிக்க வெச்சிகினு தனியா மாட்டிகினு முழிப்பே. அந்த டிரைவரு மாறி எவனாச்சும் ஒருத்தன் வந்து நிப்பான். நான் எப்டிடி அங்க சோறு துன்றது?"

எழுத்து எழுத்தாக அந்த வரியை அழித்தாய். அப்புறம் நாள் முழுக்க மேஜை டிராயரைப் படார் படாரென்று மூடினாய். என் மேல் கோபம் இல்லை என்று தெரியும். நான் இல்லாவிட்டால் நீ அன்றே போயிருப்பாய் என்பதும் தெரிந்தது. உன்னைக் கட்டிவைத்திருந்தது மேனேஜரும் இல்லை, மெஷினும் இல்லை, நான்தான் என்று ஆகிவிட்டதே.

பஸ்ஸில் போகும்போது யோசித்தேன், சமைக்கும்போது யோசித்தேன். ஒரு மெஷின் தானாக எழுந்தால் ஆபத்தில்லை. இரண்டும் எழுந்தால்தான் ஆபத்து. இரண்டாவது எழவே முடியாது என்றால்? இத்தனை நாளும் நாம் ஒவ்வொரு தடவையும் ஒயரைப் பிடுங்கி, திரும்பச் சொருகி, பிடுங்கி, சொருகிக்கொண்டிருந்தோம். சொருகாமலே விட்டுவிட்டால்? அந்த மெஷினுக்குத் தடித்த ஒயர், தனி மாதிரி பிளக். கடையில் லேசில் கிடைக்காது. அது என்னிடம் இருந்தால் வேறு எவரும் அதை எழுப்ப முடியாது. முதல் மெஷின் ஒரு நாள் செத்தால், நான் போய்ச் சொருகினால் போயிற்று. அதுவரைக்கும் நான் பக்கத்தில் இருந்தால் போதும். எனக்குப் போக வேறு இடம் ஏது?

மறுநாள் நீ கேன்டீனுக்குப் போன நேரத்தில் முதல் மெஷினில் மட்டும் அந்த வரியைத் திரும்பப் போட்டேன். குடோன் ஆபீஸுக்குப் போய் இரண்டாவதின் ஒயரைப் பிடுங்கி, சுருட்டி, சாப்பாட்டுப் பைக்குள் டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்தேன். பழைய ஃபைல்கள் அடுக்கிய அந்த மூலைக்கு நம்மைத் தவிர யாரும் போவதில்லை. நேராக மேனேஜரிடம் போய், எல்லாம் தானாக எழுகிற மாதிரி செய்தாயிற்று, சோதித்துப் பாருங்கள் சார் என்றேன். அவர் மெயினை நிறுத்தச் சொன்னார். ஜெனரேட்டர் ஓடியது. கேபினில் மெஷின் எழுந்தது, வால்யூம்கள் திறந்தன, கேட்டின் கம்பம் மேலே போனது. அவர் கேட்டை மட்டும்தான் பார்த்தார். "இவ்வளவுதானேம்மா! இதுக்குப் போய் இத்தனை நாள் ஜீப்பை ஓடவிட்டீங்களே!" என்று கை தட்டினார். பீரோவைத் திறந்து உன் சர்டிபிகேட்டுகளை என் கண் முன்னாலேயே எண்ணி உன்னிடம் கொடுத்தார்.

நீ சந்தோஷப்படவில்லை. என் முகத்தைப் பார்த்தாய். அப்புறம் சர்டிபிகேட் கவரை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே நடந்தாய். யார்டின் மறுகோடிக்கு. வேகமாகப் போனாய், இன்னும் வேகமாகத் திரும்பி வந்தாய். கேபின் கதவைச் சாத்தினாய்.

"ஒயரு எங்கடி?"

"கைல கீது" என்றேன். சாப்பாட்டுப் பையைத் தூக்கிக் காட்டினேன்.

உனக்கு விளக்கவேண்டியிருக்கவில்லை. கீழே உட்கார்ந்துவிட்டாய். "அப்ப இந்த மெஷினு செத்துச்சுன்னா?"

"நான் போய் சொருகுவேன்."

"எப்ப செத்தாலுமா?"

"எப்ப செத்தாலும்."

"ஒர்த்தர் கைலயும் சொல்ல முடியாதே. சொன்னா அந்த மேனேஜரு அதையும் சொருகி, அந்த வரியப் போடச் சொல்லிடுவான். ஊருக்குப் போவ மாட்டே. வேளாங்கண்ணிக்குப் போவ மாட்டே. கூமுட்டை, லூசு, நீ மாட்டிகினியேடி!" என்று என் முதுகில் குத்தினாய். வலித்தது. இன்னும் இரண்டு குத்து குத்தியிருந்தால் நான் ஒயரை எடுத்துக் கொடுத்திருப்பேனோ என்னவோ. அதற்குள் நீ என்னைக் கட்டிக்கொண்டாய். உன் கண்ணீர் பட்டு நனையக்கூடாது என்று கவரை நான்தான் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். "தேதி போவுது, போடி" என்றேன். போனாய்.

ஓசூரிலிருந்து முதல் போன் வந்தபோது நீ கத்திய கத்தலில் என் காது அடைத்துக்கொண்டது. "கேட்டாங்கடி! வியாசர்பாடி எங்க கீதுன்னு கேட்டாங்கடி!" பக்கத்து பூத்தில் நின்றவர்கள் உன்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். உன் அப்பா காலண்டரை எடுத்துவிட்டு அந்த ஆணியில் உன் டிகிரியை மாட்டினார். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டிக்காக நின்ற பஸ்ஸில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். சந்தோஷம் பாதி, தனிமை பாதி. பொய் சொல்ல மாட்டேன்.

ஒயர் என் பையிலேயே இருந்தது. பை மாறும், ஒயர் மாறாது. தம்பி கல்யாணத்துக்குப் பட்டுப்புடவையோடு போனபோதும் அதைத் துணிப்பையில் போட்டு எடுத்துப் போனேன். உன் கல்யாணத்துக்கு வரமுடியவில்லை, அது மழை மாதம். உன் பிரசவத்துக்கு வரமுடியவில்லை, அது கோடை, கரன்ட் ஒரு நாளுக்கு ஒன்பது தடவை போகும். "அந்தச் சனியன் செத்துச்சா?" என்பதுதான் நீ போனில் கேட்கும் முதல் கேள்வி. சாகவில்லை. ஒரு நாள்கூடச் சாகவில்லை. எத்தனை வருஷம் ஓடியதோ அத்தனை வருஷமும் சளி பிடித்த மாதிரி ஒரு சின்ன இரைச்சல், அவ்வளவுதான். ஒரு தடவையாவது செத்திருந்தால் நான் ஓடிப்போய் ஒயரைச் சொருகி, யார்டையே காப்பாற்றினேன் என்று உன்னிடம் பீற்றிக்கொண்டிருப்பேன். அந்தப் பாக்கியமும் இல்லை. நீ போனது தப்பு என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. நான் இருந்தது தப்பு என்று சில நாட்கள் நினைத்தேன். உன்னிடம் மறைப்பதற்கு இனி என்ன இருக்கிறது?

பிறகு ஒரு நாள் கம்பெனி கை மாறியது. பழைய மெஷின் இரண்டையும் டிஸ்க் அலமாரியையும் காயலான் கடைக்காரர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். ஒயரையும் அவர் வண்டியிலேயே போட்டுவிட்டேன். உனக்குப் போன் செய்தேன். "அப்பாடா! இனிமே உனக்கு இன்னாடி தடை? வூட்டுக்கு வா, உனக்கு வஞ்சிரம் வறுத்துத் தரேன். ஓசூர்ல நல்ல மீனு கெடைக்காது, நீயே வாங்கிகினு வா" என்றாய். வருகிறேன் என்றேன். அடுத்த மாதம் என்றேன். பொங்கலுக்கு என்றேன். நீ மார்பில் சும்மா ஒரு கட்டி என்று சொன்னபோதும், ஆபரேஷன் முடியட்டும், நிம்மதியாக வருகிறேன் என்றேன்.

ஓசூருக்கு நான் வந்தது ஒரே ஒரு தடவை. நீ கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தாய். தலையில் முடி இல்லை. பெரியவர் ஒருவர் உன் தலைமாட்டில் 'புத்தம் சரணம்' என்று திரிசரணம் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் என் பங்குக்கு மாதாவுக்கு ஒரு மங்கள வார்த்தை செபம் சொன்னேன், நீ தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாய். நான் என் பெயரைச் சொன்னதும் உன் வீட்டுக்காரர் எழுந்து வந்து, "உங்களைப் பத்திப் பேசாத நாளே கிடையாதுங்க" என்று சொல்லி அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. மரம் மாதிரி நின்றேன்.

அப்போதுதான் உன் பெண் உள்ளேயிருந்து வந்தாள். உன் உயரம், அவள் அப்பாவின் நிறம். ஓசூரிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. என் கையைப் பிடித்து, "இன்னா ஆன்டி, நின்னுகினே கீறீங்க? எம்மாந்தூரம் வந்துகீறீங்க, மொதல்ல குந்துங்க. டீ சாப்டீங்களா?" என்றாள். பக்கத்திலிருந்த ஓசூர்க்காரர்கள் யாரும் அப்படிப் பேசுவதில்லை. உன் வீட்டுக்காரரும் பேசுவதில்லை. உன் வாயிலிருந்து நேராக அவள் வாய்க்குப் போயிருக்கிறது. அந்த ஒரு பேச்சில் நான் உடைந்துபோனேன். அங்கேயே தரையில் உட்கார்ந்து, வந்தவர்கள் எல்லாரும் பார்க்க, ஊரைக் கூட்டி அழுதேன். அவள் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். உன்னைப் போலக் குத்தத் தெரியவில்லை அவளுக்கு.

காரியமெல்லாம் முடிந்து நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது தெருமுனை வரைக்கும் கூட வந்தாள். "அடுத்த வாட்டி எப்ப ஆன்டி வருவீங்க?" என்று கேட்டாள். "எப்டிம்மா வர்றது? கரன்ட் போச்சின்னா நான் அங்க இருக்கணுமே" என்று சொல்லிவிட்டேன்.

சரி என்று தலையாட்டினாள். நம்பிவிட்டாள். பஸ் ஏறி, சூளகிரி தாண்டிய பிறகுதான் எனக்கே உறைத்தது. மெஷின் காயலான் கடைக்குப் போய் ஆறேழு வருஷம் ஆகிறது. என்னை யாரும் எங்கேயும் கட்டி வைக்கவில்லை. ஆனாலும் அந்தப் பதில்தான் என் வாயில் தயாராக இருந்தது. அடுத்த மாதம், பொங்கலுக்கு என்று உன்னிடமும் இத்தனை வருஷம் நான் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.